கண்ணாடி கையில் இருக்கும்போது

எங்கள் தெருக் கண்ணாடிக் கடைக்காரருக்கு வக்கீல் என்று பெயர். கோர்ட் வாசலைக்கூட மிதித்தவர் இல்லை. ஆனால் அவரோடு வாதாடி ஜெயித்தவர் இந்த வட்டாரத்தில் ஒருவரும் கிடையாது. கதவு உள்பக்கம் திறப்பது நல்லதா வெளிப்பக்கமா என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டால் போதும், காரணம் ஒன்று, காரணம் இரண்டு என்று விரலை மடக்க ஆரம்பித்துவிடுவார். மூன்றாவது விரல் மடங்குவதற்குள் நமக்கே நம் கட்சி பிடிக்காமல் போய்விடும். கத்த மாட்டார், ஒரு தடித்த வார்த்தை வராது. அதுதான் எரிச்சல். அவர் கத்தினாலாவது நாமும் பதிலுக்குக் கத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நான் பக்கத்துப் பெயிண்ட் கடை. இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் வக்கீல் இருமினால் இந்தப் பக்கம் நான் தண்ணீர் குடிப்பேன். ஒட்டுக் கேட்கிறவன் என்று என்னைச் சொல்லாதீர்கள். காது என்ன ஷட்டரா, வேண்டாதபோது இழுத்து மூட?

வக்கீலின் கூட்டாளி அவர் மனைவியின் அண்ணன். வக்கீல் "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அவர் மச்சான் ஆகிவிட்டார். பெண்கள் மட்டும் சங்கடப்பட்டு "மச்சான் கடைக்காரர்" என்று கொஞ்சம் திருத்திச் சொல்வார்கள். தனியாள். கடைக்கு மேலே ஓர் அறையில் படுக்கை, சாப்பாடு தங்கை வீட்டில். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "வேணாம்னு சொன்னேன்ல" என்பார். காரணம் சொல்லும் வழக்கமே அவரிடம் இல்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, இவர் பிடித்த முயலுக்கு இரண்டு கால்தான் என்றாலும் அசைய மாட்டார். இப்படி ஒரு விடாக்கண்டனையும் கொடாக்கண்டனையும் ஒரே கல்லாவுக்குப் பின்னால் உட்கார வைத்தது விதியா, அந்தத் தங்கையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

வேலையில் மட்டும் இருவருக்கும் பங்கு தெளிவு. அளவெடுப்பதும் வெட்டுவதும் வக்கீல். கம்பளம் விரித்த மேசையில் கண்ணாடியைப் படுக்கப்போட்டு, அளவுகோலை வைத்து, கட்டரை ஒரே இழுப்பாக இழுத்து, விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டுப் பிளக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுவது இருவருமாக. தூக்கும்போது மச்சான் முன்னால், வக்கீல் பின்னால்.

ஆள் உயரக் கண்ணாடியை இரண்டு பேர் தூக்கிப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்க சுலபமாகத் தெரியும். பின்னால் பிடித்தவனுக்கு வழி தெரியாது. வாசல்படி எங்கே, தூண் எங்கே, குழந்தை எவனாவது குறுக்கே ஓடுகிறானா, எல்லாம் முன்னால் போகிறவன் கண்ணுக்குத்தான். அதனால் அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. கண்ணாடி கையில் இருக்கும்வரை முன்னால் போகிறவன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. "இடது" என்றால் இடது. "நில்லு" என்றால் நிற்க வேண்டும். "இறக்கு" என்றால், ஏன் என்று கேட்காமல் இறக்க வேண்டும். கேள்வி கேட்க ஆசையிருந்தால் கண்ணாடியைச் சுவரில் சாய்த்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

வக்கீல் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. தெருவில் அத்தனை பேரையும் பேசியே மடக்கும் மனுஷன், மச்சான் பின்னால் வாயை மூடிக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போவார். ஆனால் சாய்த்து வைத்த மறு நிமிஷம் விசாரணை தொடங்கிவிடும். "அந்தத் தூண்கிட்ட ஏன் வலது சொன்ன? இடது போயிருந்தா ரெண்டு திருப்பம் மிச்சம். காரணம் ஒண்ணு…" மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வந்து சேர்ந்தாச்சுல்ல?" என்பார். அத்தோடு முடியாது. வக்கீல் தரையில் கோடு போட்டே காட்டுவார். பெரும்பாலும் வக்கீல் சொல்வதுதான் சரியாகவும் இருக்கும். மச்சான் ஒரு தடவைகூட ஒப்புக்கொண்டதில்லை. மாப்பிள்ளை மரியாதை எல்லாம் அந்தக் கடையில் முதல் கண்ணாடியோடு சேர்ந்து உடைந்திருக்க வேண்டும்.

இப்படியே போயிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இல்லை. ஒரு நாள் ஒரு வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு இருவரும் கடைக்கு வந்தார்கள். நான் வாசலில் நின்றிருந்தேன். மச்சான் நடந்து வந்த வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு.

"என்னங்க, ரத்தம்!" என்றேன்.

மச்சான் திரும்பித் தரையைப் பார்த்து, "யாருக்கு?" என்று கேட்டார்.

அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் கிழிந்து தொங்காத குறை. அவருக்குத் தெரியவே இல்லை. வெட்டுப்படுவது அந்தத் தொழிலில் சகஜம். வெட்டுப்பட்டது தெரியாமல் இருப்பது சகஜம் இல்லை. தெரியாத கை நழுவவிடும். கண்ணாடி நழுவுவது தட்டு நழுவுவது மாதிரி இல்லை, அது விழும்போதே கத்தி. முன்னால் இருப்பவன் கை போகலாம், பின்னால் இருப்பவன் தொடை போகலாம், படிக்குக் கீழே யாராவது நின்றிருந்தால் அவன் கதை முடிந்தது.

வக்கீல் அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது, பாரம் தூக்கவே கூடாது, முதலில் மருந்து, கேட்காவிட்டால் ஆபரேஷன், தள்ளிப்போட்டால் கையில் போன உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மச்சான் பாதியிலேயே, "வண்டி வெயில்ல நிக்குது" என்று எழுந்து வெளியே வந்துவிட்டாராம். டாக்டர் சொன்னதை மிச்சம் மீதி இல்லாமல் கேட்டு வந்தவர் வக்கீல். அதை அவர் மச்சானுக்கு ஒப்பித்து ஒப்பித்து, பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

"டாக்டர் என்னிக்காவது கண்ணாடி தூக்கியிருக்காரா?" என்றார் மச்சான்.

வக்கீல் பரீட்சை வைத்தார். கண்ணைக் கட்டி, கையில் ஒரு சாவியையும் ஓர் ஆணியையும் கொடுத்து, எது எது என்று சொல்லச் சொன்னார். மச்சான் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் இரும்புதான்," என்றார்.

தங்கை அழுது பார்த்தார். தட்டில் சோற்றைப் போட்டு எதிரே உட்கார்ந்து, "அண்ணா, உனக்கு ஒண்ணுன்னா நான் யாரைப் போய்க் கேப்பேன்?" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாராம். அண்ணன் முழுவதும் சாப்பிட்டுவிட்டு, "குழம்புல உப்பு கம்மி" என்று கை கழுவப் போனார்.

அதற்கு நடுவில் ஒரு பெரிய வேலை வந்து சேர்ந்தது. மூன்றாவது மாடியில் புதிதாக ஓர் உடற்பயிற்சிக் கூடம். தங்கள் தசையைத் தாங்களே பார்த்து ரசிக்கிறவர்களுக்காக ஒரு சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி கேட்டிருந்தார்கள். லிஃப்ட் சின்னது. படி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். அந்தச் சுவருக்குப் பெயிண்ட் நான் கொடுத்தது, அதனால் அந்தப் படிக்கட்டு எனக்குத் தெரியும். ஒடுக்கம், திருப்பத்துக்குத் திருப்பம் ஏதாவது துருத்திக்கொண்டிருக்கும்.

"கல்லுல நார் உரிக்கிறீங்க," என்றேன் வக்கீலிடம்.

"நான் சொன்னதுல எது தப்பு? அதை மட்டும் சொல்லுங்க," என்றார்.

ஒன்றும் தப்பில்லை. அவர் சொன்னதில் என்றைக்குத் தப்பு இருந்தது? ஆனால் மச்சான் அந்தக் கண்ணாடியைத் தூக்கத்தான் போகிறார் என்பதும் எனக்குத் தெரிந்தது.

கடைசியில் மனைவி ஒரு யோசனை சொன்னார். "உங்களுக்கு முதுகு வலின்னு சொல்லுங்க. நீங்க தூக்கலைன்னா அண்ணன் தனியா எதைத் தூக்கும்?" நியாயம் பேசியே பழகியவருக்குப் பொய் வருமா? காலையில் இடது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார், மத்தியானம் வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் என் கடைக்குள் போய்ச் சிரித்தேன். ஆனால் மச்சான் நம்பிவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு மாப்ள, குனியாத" என்றார். மருந்துக் கடைக்குப் போய்த் தைலம் வாங்கி வந்து மேசையில் வைத்தார். அன்று வக்கீலை எதையும் குனிந்து எடுக்க விடவில்லை, கீழே விழுந்த பென்சிலைக்கூட அவரே எடுத்துக் கொடுத்தார். வக்கீல் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை மச்சான் ஓர் ஆளோடு வந்து நின்றார். மரச்சாமான் ஏற்றி இறக்குகிறவர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு.

"மாப்ள, நீ ரெஸ்ட் எடு. பின்னால இவரைப் போட்டு நான் ஏத்திக்கிறேன்," என்றார் மச்சான்.

வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது என்றால் இதுதான். பின்னால் வக்கீல் இருந்தவரையில் மச்சானின் கை கொஞ்சம் தடுமாறினாலும் சமாளிக்க ஓர் ஆள் இருந்தார். இப்போது மச்சானின் கையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரைப் பின்னால் நிறுத்தி, அந்த ஒடுக்கப் படியில் போகப்போகிறார். வந்தவர் அளவு பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனார்.

அவர் போன பிறகு நான் என் கடைக்குத் திரும்பினேன். பெயிண்ட் டப்பாக்களை அடுக்கும்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் வக்கீல் குரல் கேட்டது.

"மச்சான், எனக்கு முதுகெல்லாம் வலிக்கல. பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"நீ தூக்கறதை நிறுத்தணும்னுதான்."

"நிறுத்த மாட்டேன்."

இனி விரல் மடங்கும் என்று நான் காத்திருந்தேன்.

"ஏன்?" என்றார் வக்கீல்.

ஏன் என்று அவர் ஆயிரம் தடவை கேட்டு நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஏனுக்கும் பின்னால் அவருடைய பதில் ஒன்று சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நிற்கும். இந்த ஏனில் அது இல்லை. களைத்துப்போய்க் கேட்டார். அவ்வளவுதான். பிரஷ் வேண்டும் என்று ஒருவர் என் கடைக்கு வந்தார். உதட்டில் விரலை வைத்து அவரை அப்படியே நிற்கச் சொன்னேன்.

மச்சான் கோபமாக இல்லை, கூலியாள் கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"கண்ணாடி கையில இருக்கும்போதுதான் மாப்ள நீ என் பேச்சைக் கேக்கற. இடதுன்னா இடது வர. நில்லுன்னா நிக்கற. கீழ வெச்சா, நான் சொன்னது ஒண்ணாவது எடுபட்டிருக்கா? நீயே யோசிச்சுச் சொல்லு."

"அப்படி இல்ல மச்சான், நான் வந்து…"

வக்கீல் அங்கேயே நிறுத்திக்கொண்டார். வாக்கியத்தை அவர் பாதியில் விட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அம்மா வீட்டை விக்க வேணாம்னு சொன்னேன்," என்றார் மச்சான். "நீ நியாயம் சொன்ன. கூரை ஒழுகுது, யாரும் இருக்கப் போறதில்லை, வெச்சிருந்தா செலவு. எல்லாம் நியாயந்தான். என்கிட்ட பதில் இல்லை. வித்தாச்சு. இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுப் பாக்கறேன், இன்னும் பதில் இல்லை. ஆனா எனக்கு விக்கப் பிடிக்கல."

"ஏன் பிடிக்கலன்னு அப்பவே…"

"காரணம் இல்லை. அதைத்தான் சொல்றேன். காரணம் இருந்தாத்தான் உன்கிட்ட பேச முடியுமா?"

பிரஷ் வாங்க வந்தவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மச்சானை இத்தனை காலமும் மரமண்டை என்று நினைத்திருந்தேன், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பேச்சில் தோற்கிறவனுக்கு மிச்சமிருப்பது முடியாது என்ற ஒரு சொல்தான், அதையும் விட்டுக்கொடுத்துவிட்டால் அவன் கையில் வேறு என்ன இருக்கிறது?

வக்கீல் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. அந்த மாதிரி ஆளும் இல்லை. மேசை நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சரி. நாளைக்கு வேலையை எப்படிச் செய்யலாம்? நீ சொல்லு," என்றார்.

"எனக்குத் தெரியல."

"யோசிச்சுச் சொல்லு. அவசரம் இல்ல."

அவசரம் எனக்குத்தான் இருந்தது. பிரஷ்காரர் பாவம், கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"அந்த ஆளுக்கு நல்ல தெம்பு," என்றார் மச்சான் ஒரு வழியாக. "வழி பாக்கத்தான் தெரியாது. அவரு முன்னால பிடிக்கட்டும், நீ பின்னால பிடி. நான் சும்மா கையை வீசிக்கிட்டு முன்னால ஏறறேன். நான் சொல்றபடி ரெண்டு பேரும் வரணும்."

"வரேன்."

"சாய்ச்சு வெச்ச பிறகு விசாரணை கூடாது."

"சரி," என்றார் வக்கீல்.

"இந்த ஒரு வேலைக்குத்தான். அடுத்ததை நான்தான் தூக்குவேன்."

"அடுத்தது வரட்டும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு பாடுபட்டு ஒரே ஒரு வேலையா? அந்த வாயை வைத்துக்கொண்டு, மச்சான் இளகியிருக்கும் நேரம் பார்த்து, ஆஸ்பத்திரி, மருந்து, ஆபரேஷன் எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடித்திருக்கலாமே! நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். வக்கீல் விட்டுவிட்டார். எழுந்து போய் மறுநாள் கண்ணாடிக்கு விளிம்பு தேய்க்க ஆரம்பித்தார். நான் பிரஷ் கொடுத்தேன். வந்தவர் அதற்குள் என்ன பிரஷ் என்பதையே மறந்திருந்தார்.

மறுநாள் மூன்றாவது மாடிச் சுவரில் ஒரு மூலைக்கு இன்னொரு பூச்சு வேண்டும் என்றார்கள். அந்தச் சாக்கில் நானும் போனேன். சாக்கு நொண்டிச் சாக்குதான்.

முன்னால் மச்சான் வெறும் கையோடு பின்பக்கமாகவே படியேறினார். அவருக்கு எதிரே தெம்பான ஆள், கண்ணாடி, அதன் கடைசியில் வக்கீல். "படி… படி… மெதுவா… நில்லு." முதல் மாடி சுகமாகப் போயிற்று. இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரோரம் ஒரு தீயணைப்புப் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. கீழே நின்ற எனக்கே தெரிந்தது, வலது பக்கம் ஒதுங்கித்தான் திருப்ப வேண்டும்.

"இடது," என்றார் மச்சான்.

வக்கீலுக்கும் தெரிந்திருக்கும். அவர் கழுத்து அந்தப் பெட்டிப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். ஆனால் இடது போனார். கண்ணாடி பெட்டிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. தெம்பான ஆள் முனக ஆரம்பித்தார். வக்கீலின் மூக்கு நுனியில் வேர்வை வந்து நின்றது, துடைக்கக் கை இல்லை. "அப்படியே இரு. பின்னால… பின்னால… ஒரு படி இறங்கு… இன்னும் ஒண்ணு," என்று மச்சான் சொன்னார். சொன்னபடி இறங்கினார்கள், திரும்பினார்கள், வலது பக்கமாக ஏறினார்கள்.

மேலே கொண்டுபோய் மரக்கட்டைகள் மேல் நிறுத்திச் சுவரில் சாய்த்தார்கள். தெம்பான ஆள் தண்ணீர் தேடிப் போனார். வக்கீல் கையுறையைக் கழற்றினார். மச்சான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அடி விழப்போகிறது என்று தெரிந்து கன்னத்தைத் தயாராக வைத்திருக்கும் முகம்.

வக்கீல் வாயை ஒரு முறை திறந்து மூடினார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு நடுவில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கை நகத்தால் சுரண்டினார்.

மச்சான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"அங்க வலதுதான் சொல்லியிருக்கணும் மாப்ள. தப்பாச் சொல்லிட்டேன்," என்றார்.

"பரவால்ல," என்றார் வக்கீல்.

மச்சான் பக்கத்தில் வந்து, தன் வலது கையைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். குளிர்ச்சி தெரிகிறதா என்று பார்த்தாரோ என்னவோ. பிறகு கண்ணாடிக்குள் தெரிந்த வக்கீலைப் பார்த்துக் கேட்டார்:

"அன்னிக்கு டாக்டர் என்னதான் சொன்னாரு? நான் சரியாக் காதுல வாங்கல."

டாக்டர் சொன்னது வக்கீலுக்கு வரி விடாமல் தெரியும். எனக்கே தெரியும். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். வக்கீல் கையுறை இரண்டையும் ஒன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் போவோம். நீயே கேளு," என்றார். "நான் வெளிய உக்காந்திருக்கேன்."